சத்தமாகச் சொன்ன சம்மதம்

அத்தியாயம் 6

தொண்ணூறு பேர் புரியாணி சாப்பிட்டுக் கைகழுவிப் போன ஒரு கலியாணம் நடக்கவே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று விட்டுவிடலாம். சொன்னவர் அந்தக் கலியாணத்துக்கு அழைத்துவரப்பட்ட மௌலவியே என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த மௌலவி பொய் சொன்னதை ஒருவருமே கேட்டதில்லை என்றால், துப்பறிகிறவர்களுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

வேலை சந்திரமதிக்கு வந்திருந்தது. சுவிஸின் பாடன் நகரில் ஒரு தமிழ்க்கடையின் மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். அதற்கு முன்பு பல வருடங்கள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். போன மாரியில் ஆராவ் ஆஸ்பத்திரியில் அவளுடைய கணவர் சிவநேசன் இறந்தபோது, டாக்டர் ஜெர்மனில் சொன்னதை அவள்தான் மாமியாருக்குத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. அன்றிலிருந்து அவளுக்குள் எதுவும் அசையவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலை செய்தாள். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் விறைப்பு உடம்பு முழுக்கப் பரவிவிட்டது போல இருந்தது. அது வலியில்லை என்பதால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

"ஃப்ரிபூர்க் இன்னும் இருவது நிமிசம்" என்றார் காரை ஓட்டிய நித்தியானந்தன். வாழ்நாளெல்லாம் மலைப்பாதையில் மஞ்சள் போஸ்ட் பஸ் ஓட்டி, முதுகு பழுதாகி ஓய்வுபெற்ற மனிதர். இப்போது அவளுடைய உதவியாளர். "பஸ் எண்டா பதினெட்டு. ஆனா பஸ்ஸிலை உன்னைப் போலச் சிரிச்சுப் பேசுற சனம் ஏறாது."

சந்திரமதி ஒரு மணி நேரமாக வாயே திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை.

"பாத்தியோ, தாங்க முடியாத கலகலப்பு" என்றார் அவர். "சரி, தங்கச்சி, கேஸை இன்னொருக்காச் சொல்லு. கதைச்சாவது வா."

அவள் சொன்னாள். வேலை தந்தவர் மஹ்ரூப் நானா. சோலோதுர்னில் இருக்கிறார். மணிக்கூட்டு முகப்புச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஊர் யாழ்ப்பாணம், சோனகத் தெரு. மனைவி இறந்துவிட்டார். இரண்டாவது மகள் நுஸ்ஹா ஃப்ரிபூர்க்கில் சட்டம் படிக்கிறாள். போன சனிக்கிழமை அவளுக்கும் லண்டன் மாப்பிள்ளை ஃபர்ஷாத்துக்கும் நிக்காஹ். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் வாப்பா ஸலாஹுதீன் ஹாஜியார், ஏதோ கேட்பதற்காக மௌலவி ஸுஹைருக்குப் போன் எடுத்திருக்கிறார். 'நான் எந்த நிக்காஹ்வையும் நடத்திவைக்கவில்லை' என்று சொல்லிவிட்டு மௌலவி போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை நகர அலுவலகத்தில் சட்டப்படி பதிவு. இன்று புதன்.

"காசு குறைச்சுக் குடுத்திருப்பினம்."

"வாங்கவே இல்லையாம்."

"சாப்பாடு போடாமல் விட்டிருப்பினம்."

"ரெண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டவராம்."

"அப்ப கலியாணம் நடந்ததுக்கு அவரின்ரை வயிறே சாட்சி" என்றார் நித்தியானந்தன்.

சந்திரமதி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். மஹ்ரூப் நானா நேற்று அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த விதம் அவள் கண்ணில் நின்றது. கோபப்படவில்லை. பதறவில்லை. 'ஆளைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ, தங்கச்சி' என்று மட்டும் சொன்னார். மௌலவி ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்த மனிதர் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. விறைத்துப்போன ஆளை விறைத்துப்போன ஆளுக்குத் தெரியும். அவருக்கும் அவளுக்கும் நடுவில் மேசை மட்டும் இருந்தது.

ஃப்ரிபூர்க் இரண்டு தட்டாக இருக்கிற நகரம். ஆற்றோரம் கீழ்நகரம், பாறைக்கு மேலே மேல்நகரம். மௌலவி ஸுஹைரின் வீடு கீழே, பழைய கல்வீடு ஒன்றின் முதல் மாடி. மணியை அழுத்தியும் சத்தமில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். நித்தியானந்தன் தன்னுடைய பஸ்காரப் பிரெஞ்சில் விசாரித்தார்.

"மேலை இருக்கிறாராம்" என்று திரும்பிச் சொன்னார். "நேற்று வந்த லண்டன்காரரிட்டையும் அதைத்தான் சொன்னவவாம். அவை மாடியிலை ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டிப்போட்டு, பிறகு குருயேர் மலையிலை போய்த் தேடினவையாம். முந்தி அங்கை பெடியளைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கினவராம். ஒருத்தர், 'மேலை' எண்டா மௌத்தாப் போட்டார், செத்துப்போனார் எண்டு விளங்கி, வாசலிலை நிண்டு துஆவும் கேட்டவராம்."

சந்திரமதி மௌலவியின் எண்ணுக்குப் போன் எடுத்தாள். பதிவுக் குரல்தான் வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் துடைத்து வைத்தது போன்ற தமிழ்: "இந்த வாரம் பகலில் நான் மேலே இருப்பேன். கீழே வந்த பிறகு அழைப்பேன்."

"நித்தி அண்ணை, இந்த ஊரிலை கீழை இருக்கிற சனம் கடைக்குப் போகேக்கை என்னெண்டு சொல்லுவினம்?"

"மேலை போறம் எண்டு."

"அவர் மலை எண்டோ மாடி எண்டோ சொல்லேல்லை. மேலை எண்டார். இது கீழ்நகரம். மேலை எண்டா மேல்நகரம். அரபியிலை இஸ்லாமியச் சட்டம் படிப்பிக்கிற ஆள் பகல் முழுக்க இருக்கக்கூடிய இடம் அங்கை என்ன இருக்கு?"

நித்தியானந்தன் பாறையை நிமிர்ந்து பார்த்தார். "நூலகம்."

பாறையில் ஏறும் கம்பிவண்டியில் போனார்கள். மேல்நகரத்தின் கழிவுநீரை நிரப்பி, அந்தப் பாரத்தில் ஒரு பெட்டி இறங்க மற்றப் பெட்டி ஏறுகிற பழைய வண்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு நித்தியானந்தன் சொன்னார்: "ஊர்ச்சனம் முழுக்க இருந்து தள்ளுற வண்டி, தங்கச்சி." சந்திரமதிக்கு அது நல்ல பகிடி என்று தெரிந்தது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை என்பதும் தெரிந்தது.

மௌலவி ஸுஹைர் வாசிப்பு மண்டபத்தின் கடைசி மேசையில் இருந்தார். மெலிந்த, நாற்பது வயது மனிதர். ஒளிந்திருக்கிற முகமில்லை.

"உங்களை எல்லாரும் தேடுகினம்" என்றாள் சந்திரமதி.

"நான் இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறேனே" என்றார் அவர் வியப்போடு.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். அவர் வீட்டிலும் எழுத்துத் தமிழ்தான் பேசுவாராம். பேச்சுத் தமிழில் சொல் தேய்ந்துபோகிறது, தேய்ந்த சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வருகிறது என்றார்.

"சனிக்கிழமை நிக்காஹ் நடந்ததோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"நீங்கள் அங்கை என்ன செய்தனீங்கள்?"

"பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டேன். பிறகு ஆண்கள் பக்கம் வந்து திருமணத்தின் சிறப்பைப் பற்றிப் பேசினேன். எந்தத் திருமணம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெண்ணின் தந்தையே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை."

"சாப்பிட மட்டும் திறந்தனீங்கள்" என்றார் நித்தியானந்தன்.

"ஆம்" என்றார் மௌலவி.

சந்திரமதிக்கு இந்தமாதிரி ஆட்களிடம் கேள்வி கேட்கத் தெரியும். கேட்டதற்கு மட்டும் பதில் தருகிறவரிடம் சுற்றி வளைக்கக் கூடாது. "பிள்ளை சம்மதிச்சதோ?"

"இல்லை."

"நான் வீடியோ பாத்தனான். ஓம் எண்டு சொன்னவ. மண்டபத்துக்கே கேட்டது."

"அதனால்தான்" என்றார் மௌலவி.

நித்தியானந்தன் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தன் காதைத் தேய்த்துக்கொண்டார்.

மௌலவி சொன்னார். ழாஹிரி என்று ஒரு சட்ட வழி இருக்கிறது. பாக்தாத்தில் தொடங்கியது, ஸ்பெயினில் கொர்தோவா பக்கம் வளர்ந்தது. ழாஹிர் என்றால் வெளியே தெரிவது. வசனம் வெளிப்படையாக என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். அதற்குள் ஒளிந்திருக்கும் காரணத்தைத் தேடுவது, இது அதைப் போன்றது என்று ஒப்பிட்டுப் புதிய விதி செய்வது எல்லாம் மனிதன் கடவுளின் வாயில் தன் சொல்லைத் திணிப்பது என்பது அந்த அறிஞர்களின் கட்சி. எல்லோரோடும் சண்டை பிடித்தார்கள். அவர்களில் மிகப் பெரியவருடைய நூல்களைச் செவில் நகரில் போட்டு எரித்தார்கள். இன்று அந்த வழியில் நிற்பவர்கள் மிகக் குறைவு.

"விளங்குது" என்றார் நித்தியானந்தன். "எங்கடை கட்டிடத்திலை உடுப்புத் தோய்க்கிற அறை மாதிரி. ஞாயிறு உடுப்புத் தோய்க்கக் கூடாது எண்டு எழுதியிருக்கு. ஒரு மனுசன் ஞாயிறு ஞாயிறு சப்பாத்துத் தோய்க்கிறான்."

"அந்த மனிதர் செய்வது சரி" என்றார் மௌலவி, கொஞ்சமும் சிரிக்காமல். "முன்பு மணமாகாத பெண்ணிடம் அனுமதி கேட்கவேண்டும். அவளுடைய அனுமதி அவளுடைய மௌனம் என்று நபிமொழியில் சொல்லப்பட்டிருக்கிறது. மற்ற அறிஞர்கள், அவள் வெட்கப்படுவாள், ஆகவே மௌனமும் போதும், வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நல்லது என்றார்கள். அந்தப் பெரிய அறிஞர் மட்டும் ஏற்கவில்லை. மௌனம்தான் அனுமதி என்று இருக்கிறது. மௌனம்கூட அனுமதி என்று இல்லை. அவள் பேசினால் அது அனுமதி ஆகாது என்றார். இதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர்."

"அப்ப அந்தப் பிள்ளை வாய்மூடி இருந்திருந்தா கலியாணம் முடிஞ்சிருக்கும். ஓம் எண்டு கத்தினபடியால் முடியேல்லை" என்றார் நித்தியானந்தன் மெதுவாக.

"என்னைப் பொறுத்தவரை. மற்ற மௌலவிகளிடம் கேட்டால் அது செல்லும் என்பார்கள். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்."

சந்திரமதி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதிவுக்கு முதல் நிக்காஹ் செய்யிறது இந்த நாட்டுச் சட்டத்திலை பிழை. எழுதியிருக்கிறதை விடாத நீங்கள் எப்பிடிப் போனனீங்கள்?"

முதல் தடவையாக மௌலவியின் முகம் வாடியது. "பதிவு முடிந்ததா என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டேன். 'எல்லாம் முடிஞ்ச மாதிரித்தான்' என்றார்கள். அந்த 'மாதிரி'யை நான் கவனிக்கவில்லை. என் வேலையே சொல்லைக் கவனிப்பதுதான். அந்த வெட்கத்தில்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்."

அவள் எழுந்தாள். பிறகு திரும்பவும் உட்கார்ந்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது.

"நிக்காஹ் நடக்கேல்லை எண்டு முதல் முதல் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"பெண்ணின் தந்தைக்கு. சனிக்கிழமை, மண்டபத்து வாசலிலேயே. காரணத்தோடு சொன்னேன். பகலில் இங்கேதான் இருப்பேன் என்றும் சொன்னேன்."



"அவவுக்கு இந்த விதி தெரியுமோ?" என்று கேட்டாள் சந்திரமதி. "தெரிஞ்சுதான் கதைச்சவவோ?"

"அவள் என் வகுப்பில் இருந்தாள். என்னை அழைக்கச் சொன்னதும் அவள்தான் என்று தந்தை சொன்னார். ஆனால் அந்த விதி நடத்தப்பட்ட வாரம் அவள் வந்தாளா என்று நினைவில்லை. அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. எனக்கு வெளியே தெரிவது மட்டும்தான் தெரியும்."

காரில் திரும்பும்போது நித்தியானந்தன் சோலோதுர்ன் வரும்வரை பொறுக்கவில்லை. "இருக்கிற இடம் தெரிஞ்ச ஆளைத் தேடச் சொல்லி எங்களுக்குக் காசு தாறார். இப்பிடி ரெண்டு வாடிக்கையாளர் கிடைச்சா நான் புதுக்கார் வாங்குவன். ஏன் பொய் சொன்னவர்?"

"பொய் சொல்லேல்லை. ஆளைக் காணேல்லை எண்டு சொன்னது ஹாஜியார். மஹ்ரூப் நானா, கண்டுபிடிச்சுத் தாங்கோ எண்டு மட்டும்தான் சொன்னவர்."

"நீயும் இப்ப அந்த மௌலவி மாதிரிக் கதைக்கிறாய்."

அவள் போனில் கலியாண வீடியோவைத் திரும்பப் போட்டாள். பெண்கள் பக்கத்து அறை. நுஸ்ஹா குனிந்த தலையோடு இருக்கிறாள். வாசலில் மௌலவியும் இரண்டு சாட்சிகளும். பக்கத்தில் ஒரு மாமி அவளுடைய முழங்காலைத் தொட்டு, சும்மா இரு, போதும் என்று முணுமுணுக்கிறாள். மௌலவி கேட்கிறார். நுஸ்ஹா தலையை நிமிர்த்துகிறாள். 'ஓம், எனக்குச் சம்மதம்.' பெண்கள் சிரிக்கிறார்கள். பிறகு, 'யா.' சிரிப்பு பெரிதாகிறது. சுவிஸ் பிள்ளை, ஜெர்மனிலும் சொல்லுது என்கிறது ஒரு குரல். பிறகு மூன்றாவது தடவை, மௌலவியின் முகத்தைப் பார்த்து, 'நஅம்.'

சந்திரமதி அந்த இடத்தை மறுபடி போட்டாள்.

"அண்ணை, பயத்திலை கதைக்கிற ஆக்கள் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவினம். எத்தினை பேரை நான் பாத்திருக்கிறன். ஆனா ஒரே பாஷையிலைதான் சொல்லுவினம். பயந்த ஆள் பாஷை மாத்தாது. கேக்கிற ஆளுக்கு விளங்க வேணும் எண்டு நினைக்கிற ஆள்தான் மாத்தும்."

"தமிழ் அங்கை எல்லாருக்கும் விளங்கும்தானே."

"ஓம். ஜெர்மனும் பாதிப் பேருக்கு விளங்கும். நஅம் எண்டா அரபியிலை ஓம். அந்த மண்டபத்திலை சனத்துக்கு அரபி ஓதத் தெரியும். அரபியிலை கேட்டுப் பதில் சொல்லுறது ஒரு ஆளுக்குத்தான் பழக்கம்."

நித்தியானந்தன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அப்ப 'நான் கதைச்சனான், மௌனமா இருக்கேல்லை' எண்டு அந்தப் பிள்ளை அந்த மனுசனுக்கு முத்திரை குத்திக் குடுத்திருக்கு."

"அதைத்தான் மஹ்ரூப் நானா எங்களைக் கொண்டு கண்டுபிடிக்க நினைச்சவர். மௌலவி எங்கை எண்டு இல்லை. மகள் தெரிஞ்சு சொன்னவவோ, தெரியாமல் சொன்னவவோ எண்டு."

கண்டுபிடித்துவிட்டாள். எப்போதும் இந்த இடத்தில் அவளுக்கு நெஞ்சில் ஒரு துள்ளல் வரும். இன்று அதுவும் இல்லை.

மஹ்ரூப் நானாவின் வீடு ரயில் பாதை ஓரத்தில் மூன்றாவது மாடி. அவரே கதவைத் திறந்தார். கலியாண வீட்டுப் பூச்சாடிகள் இன்னும் கூடத்தில் இருந்தன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"மௌலவியைக் கண்டனாங்கள், நானா" என்றாள் சந்திரமதி. "உங்களுக்குச் சனிக்கிழமையே சொல்லிப்போட்டாராம்."

அவர் மறுக்கவில்லை. கதிரையைக் காட்டினார். தானும் உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டார், யாரோ வைக்கச் சொன்னது போல.

"நாங்க ஷாஃபி வழி" என்றார். "எங்களுக்கு அந்த நிக்காஹ் செல்லும். வேற மௌலவி மூணு பேரிட்ட கேட்டுட்டன். செல்லும் எண்டாங்க. அதோட விட்டிருக்கலாம். ஆனா எண்ட மவள் சட்டம் படிக்கிறவ. அந்த மௌலவிதான் வரணும் எண்டு அவதான் நிண்டவ. அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்குதில்ல. சொல்லுங்கோ, தங்கச்சி. வாய் தவறிச் சொன்னவவா? தெரிஞ்சு சொன்னவவா?"

"அவவையே கேக்கலாமே, நானா."

"மூத்தவளைக் கேட்டனான்." அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ரிஃப்காவை. இதே கூடத்திலதான். வேணாம் எண்டு சொன்னவ. வேற ஒரு பொடியனை விரும்பியிருந்தவ. இந்த வாசலை மிதிக்காதே எண்டு சொல்லிட்டன். கோவத்தில சொன்னது. பிறகு அவட உம்மா மௌத்தான நேரம் வந்தவ. உள்ள வரயில்ல. வெளியில மாடிப்படியில நிண்டா, மையித்து இறக்கிற வரைக்கும். வா எண்டு ஆரோ கூப்பிட்டாங்க. வாப்பா மிதிக்காதே எண்டவர் எண்டு சொன்னாவாம். எனக்குக் கேட்டது. நான் எழும்பிப் போகயில்ல. ஏன் போகயில்ல எண்டு இப்பவும் தெரியாது. காலில உசிர் இல்லாத மாதிரி இருந்தது."

நித்தியானந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸலாஹுதீன் ஹாஜியாருக்கு நான் வாக்குக் குடுத்தது" என்றார் மஹ்ரூப் நானா. "தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில இருந்து முஸ்லிம் சனம் எங்களை எல்லாம் போகச் சொன்ன அண்டைக்கு, எண்ட உம்மாவால நடக்க ஏலாது. அவர்தான் தோளில தூக்கிக்கொண்டு நடந்தவர். அவருக்கு நான் எப்படி இல்லை எண்டு சொல்ல?"

அன்று போகச் சொன்ன தமிழ் இயக்கம் எது என்று அங்கிருந்த மூன்று பேருக்குமே தெரியும். சந்திரமதிக்கு அப்போது பதினைந்து வயது. அவளுடைய வகுப்பில் நான்கு பிள்ளைகளின் இருக்கைகள் மறுநாள் வெறுமையாக இருந்தன. ஆசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயர்களைத் தாண்டிப் போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"சொல்லுங்கோ" என்றார் அவர் மறுபடி. "நீங்க எவ்வளவு சனத்துக்காகக் கதைச்சவ. அவவுக்காக நீங்களே சொல்லிடுங்கோ. நான் கேட்டுக்கொள்றன்."

சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்துவிட்டது. மற்றவர்களின் சொல்லை வாங்கி மறுபக்கம் வைப்பது அவளுக்குப் பழகிய வேலை. எந்தப் பாரமும் தன்மேல் படாமல் செய்யத் தெரிந்த வேலை. ஆஸ்பத்திரியில் செய்ததும் அதுதான். மாமியாருக்குச் சொல்லி முடித்தாள். தனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

"இல்லை, நானா" என்றாள். "நான் மொழிபெயர்க்கிறது ரெண்டு பேருக்கு வேறை வேறை பாஷை எண்டாத்தான். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே பாஷை."

ஒரு ரயில் போய் யன்னல் அதிர்ந்து அடங்கியது. பிறகு மஹ்ரூப் நானா எழும்பினார். உள்ளறைக் கதவுக்குப் போய்த் தட்டினார். தன் வீட்டுக் கதவைத் தட்டுவது போல் இல்லாமல், அரச அலுவலகத்துக் கதவைத் தட்டுவது போலத் தட்டினார்.

நுஸ்ஹா கதவைத் திறந்தாள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. அழுத முகமில்லை. தூங்காத முகம்.

"மவள். சனிக்கிழமை நீ சொன்ன... அதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். தோளுக்கு மேலால் அந்நியர் இருவரையும் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம், வாப்பா" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

"அப்ப ஏன்..."

"ரிஃப்கா தாத்தா மாதிரி வேண்டாம் எண்டு சொன்னா நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டு தெரியும். சும்மா இருந்தா எல்லாருக்கும் ஓம் எண்டுதான் கேக்கும். அந்த மண்டபத்திலை ஒரு ஆளுக்காவது நான் இல்லை எண்டு சொன்னது கேக்கட்டும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான். அதுக்கு மேலை ஒரு திட்டமும் இல்லை."

"வெள்ளிக்கிழமை?"

"அங்கை சத்தமாச் சொன்னாத்தான் செல்லும்" என்றாள் நுஸ்ஹா. "அதை நினைச்சு நித்திரை இல்லை."

மஹ்ரூப் நானா தலையாட்டினார். ஒருமுறை ஆட்டியவர் நிறுத்த மறந்தது போல ஆட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்து, போனை எடுத்து, எண்ணை அழுத்தப் பார்த்தார். விரல் இரண்டு தடவை பிழைத்தது. சந்திரமதி போனை வாங்கி எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

"ஹாஜியார், மஹ்ரூப். அந்தக் கலியாணம் நடக்கயில்ல. எண்ட மவளுக்கு விருப்பமில்ல." மறுமுனையில் சத்தம் எழுந்தது, சொல் விளங்கவில்லை, சத்தம் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஓம். ஓம். நான்தான் பொறுப்பு. மறக்கயில்ல, ஹாஜியார். மௌத்து வரைக்கும் மறக்க மாட்டன். ஆனா அது எண்ட கடன். அவட இல்ல."

சத்தம் நெடுநேரம் ஓடி, மறுபக்கமே வைத்துவிட்டது. அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். நுஸ்ஹா வாசலிலேயே நின்றாள். அவர் அவளிடம் போகவில்லை, அவளும் வரவில்லை. ஆனால் அவளுடைய தோள் இறங்கியதைச் சந்திரமதி கண்டாள். அதைக் கண்டதும் தனக்குள் ஏதோ ஒன்று அசைவதையும் உணர்ந்தாள். சின்ன அசைவுதான். ஊசியின் விறைப்பு விடும்போது உதட்டோரம் முதலில் குத்துமே, அப்படி.

"ரிஃப்கா பேர்ணில இருக்கிறா" என்றார் மஹ்ரூப் நானா திடீரென்று. "பூம்ப்ளிட்ஸ் பக்கம்."

"விலாசம் வேணுமெண்டா எடுத்துத் தரலாம்" என்றாள் சந்திரமதி.

"விலாசம் தெரியும். எத்தனையோ தரம் அந்த பஸ்ஸில ஏறி, அவட வீட்டுத் தரிப்பில இறங்காம அப்படியே திரும்பி வந்திருக்கன்." அவர் நித்தியானந்தனைப் பார்த்தார். "தனியப் போனா இண்டைக்கும் இறங்க மாட்டன். அதான் கேட்டது."

அவர் எதையும் கேட்டிருக்கவில்லை. நித்தியானந்தன் அதைச் சுட்டிக்காட்டவில்லை. சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே எழும்பினார்.

"பின் சீற்றிலை பேத்தியின்ரை இருக்கை பூட்டியிருக்கு" என்றார். "அதைக் கழட்டினாத்தான் ரெண்டு பேர் இருக்கலாம். அஞ்சு நிமிசம் தாங்கோ."

நுஸ்ஹா ஏற்கனவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.